மரைக்கு ஒரு துளி

எங்கள் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுத்தில் சொன்னால் என்ன குறைந்துவிடப்போகிறது? சேவுகன். வயது ஐம்பத்து மூன்று. அரிமளத்தைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுப் போர் மோட்டார் நின்றுபோனாலும் "சேவுகனைக் கூப்பிடு" என்றுதான் முதலில் சொல்வார்கள். சொல்வார்கள் என்பது தப்பு, சொன்னார்கள். அப்புறம் ஒன்றரை வருஷம் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒன்றிரண்டு பேருக்கும் இவர் போகவில்லை.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. மெஷினில் உட்கார்ந்தால் நடுவாசல் வழியாகக் கொல்லைப்பக்கம் வரை தெரியும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றரை வருஷம் நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் தைத்தேன். சண்டை போடுகிற ஆளாக இருந்தால் சண்டையாவது போடலாம். முதுகோடு என்ன சண்டை போடுவது?

நடந்தது இதுதான். கீரமங்கலம் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டம், அறுநூறு அடி போர். உள்ளே கிடக்கிற மோட்டாரை வெளியே எடுக்க வேண்டுமானால் குழாயைச் செயின் போட்டு இருபது இருபது அடியாக மேலே இழுக்க வேண்டும். இழுத்ததும் ஓர் இரும்புக் கிளாம்பைக் குழாயில் பூட்டி, அதைப் போர் வாயில் உட்கார வைக்க வேண்டும். மொத்தப் பாரத்தையும் கிளாம்ப் தாங்கும். அப்புறம்தான் மேல் குழாயைக் கழற்றலாம். கிளாம்பைப் பூட்டுவது இவர். அதன் இரும்புக் கையைப் பிடித்துப் போர் வாயில் உட்கார வைப்பது சிவசாமி அண்ணன். இருபத்திரண்டு வருஷமாக இதே ஜோடி. கல்யாண வீட்டுக்குக்கூடச் சேர்ந்துதான் போவார்கள், பக்கத்துப் பக்கத்து இலைதான்.

அன்றைக்கு ஒன்பதாவது குழாயில் கிளாம்ப் வழுக்கியது. குழாய் சரசரவென்று இறங்கி, அதன் மூட்டு வந்து கிளாம்பில் மோத, மோதிய வேகத்தில் இரும்புக் கை துள்ளி சிவசாமி அண்ணனின் வலது தோளில் அடித்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் தகடு வைத்து நாலு ஸ்க்ரூ போட்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வலது கை மார்புக்கு மேலே எழும்பாது. அதோடு அவர் ஆடு மேய்க்கப் போய்விட்டார்.

கிளாம்பின் உள்பக்கம் குழாயைக் கடித்துப் பிடிக்கிற பல் தேய்ந்திருந்தது, அதனால்தான் வழுக்கியது என்று எல்லாரும் சொன்னார்கள். சிவசாமி அண்ணனும் அதையேதான் சொன்னார். இவர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பூட்டுனது நான்தானே பொற்கொடி. என் கை பூட்டுனது ஏன் கழண்டுச்சு?"

அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. பதில் கிடைக்காத மனுஷன் ஸ்பேனர் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிவசாமி அண்ணன் பார்க்க வந்தால் கொல்லை வழியாக வெளியே போய்விடுவார். "இப்பத்தாண்ணே வெளிய போனாரு" என்று பொய் சொல்லிச் சொல்லி என் வாய் அலுத்துவிட்டது. அரிமளத்தில் சில வாய்கள், சேவுகனுக்கு மரை கழண்டுபோச்சு என்று பேசியதும் என் காதுக்கு வந்தது. பேசியவளுக்கு அந்தத் தீபாவளிக்கு நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கவில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். என் புருஷன் தன் கையை மறுபடியும் நம்ப வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் சந்திரசேகர் சார் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். திருமயத்துக்கு இந்தப் பக்கத்து ஊரில் அவருக்கு முன்வாசலில் நுழைந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் முடிகிற பெரிய வீடு. சென்னையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்கு என்னவென்றால் சின்ன ஹெலிகாப்டர் செய்து பறக்கவிடுவது. ரிமோட்டில் பறக்கும். அறுபது வயசில் இது என்ன விளையாட்டு என்று நான் நினைத்ததுண்டு. அவர் வீட்டு மோட்டாரை எப்போதும் இவர்தான் பார்ப்பார், அந்தப் பழக்கம்.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கு சேவுகன். ஒண்ணு முடிஞ்சுது, இன்னொண்ணு அடுத்த மாசம். சின்ன போல்ட்டெல்லாம் கண்ணுக்கே தெரியல. நீங்க இந்த ஹெலிகாப்டரைப் பூட்டிக் குடுங்க. ஒங்க கை மாதிரி சுத்தமான கை எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"என் கை பட்ட போல்ட்டு வேணாம் சார்," என்றார் இவர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "ஏன், அது என்ன போர் மோட்டாரா? பொம்மைதானே. யார் தோள்ல வந்து விழப்போகுது?" என்றேன்.

சந்திரசேகர் சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்புறம் காபியைக் குடித்துவிட்டார். அந்தப் பொம்மையின் றெக்கை நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றும், கழன்று வந்தால் ஆளையே வெட்டிப்போடும் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தெரிந்திருந்தால் பெட்டியை ஆட்டோவிலேயே திருப்பி ஏற்றியிருப்பேன். ஆனால் பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் நாற்காலி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பதினெட்டு மாசத்தில் முதல் தடவையாக எனக்கு அவர் முகம் தெரிந்தது.

பெட்டிக்குள் கறுப்புத் தகடுகளும் அலுமினியத் துண்டுகளும் எள்ளுப்போலக் குட்டிக்குட்டி போல்ட்டுகளும் இருந்தன. கூடவே கட்டைவிரல் அளவில் மூன்று பாட்டில்கள், நீலம், சிவப்பு, பச்சை. திரெட்லாக் என்று பெயராம். சந்திரசேகர் சார் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார், நான் தைத்துக்கொண்டே கேட்பேன்.

ஹெலிகாப்டர் என்பது முழுக்க நடுக்கம். நடுக்கத்தில் எந்த போல்ட்டும் தானாகக் கழலப் பார்க்கும். அதற்காகத்தான் அதன் மரையில், திருகு வரிகளில், இந்தத் திரவத்தை ஒரு துளி விட்டுப் பூட்டுவது. பாட்டிலுக்குள் இருக்கும்வரை தண்ணீராகவே இருக்கும். காற்றுப் புகாத இடத்தில், உலோகமும் உலோகமும் ஒட்டி நிற்கிற மரைக்குள் போனால்தான் இறுகும். நீலம் விட்டால் ஸ்பேனர் போட்டால் கழலும், தானாகக் கழலாது. சிவப்பு விட்டால் சூடு வைத்தால் ஒழியக் கழலாது. பச்சை ரொம்ப நீர்த்தது, பேரிங் மாதிரி இறுக்கமாக நுழைகிற இடத்துக்கு. பிளாஸ்டிக்கில் போகிற போல்ட்டுக்கு எதுவுமே விடக் கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

கேட்பதற்கு இவ்வளவுதான். இவர் இதில் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் எழுதி, பக்கத்தில் நிறத்தை எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். வாயைத் திறந்தால் போல்ட்டு. சாப்பிடும்போதும் போல்ட்டு.

"எங்க தொழில்ல ஒரு போல்ட்டைப் பூட்டும்போதே அதை எப்பிடிக் கழட்டுறதுன்னுதான் நெனைப்போம். துருப் பிடிச்சிறக் கூடாது, நாளைக்கு வேற ஒருத்தன் வந்தாலும் கழட்டணும். அதுக்குத்தான் கிரீஸு, எண்ணெ எல்லாம். இங்க அப்பிடியே தலைகீழா இருக்கு."

"சரி, அதுக்கு ஏன் சாம்பாரைத் தொடாம உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன். சாப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பேசுகிறாரே.

கடைசியில் தாளை எடுத்துப் பார்த்தால் எல்லா போல்ட்டுக்கும் நேராகச் சிவப்பு என்று எழுதியிருந்தார். சந்திரசேகர் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சேவுகன், எல்லாத்துக்கும் சிவப்பு விட்டா நாளைக்கு ஒரு பேரிங் போனாக்கூட மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்."

"கழண்டா?"

"பிடிக்கணும்னு பூட்டுறது வேற, கழண்டுருமோன்னு பயந்து பூட்டுறது வேற. நீங்க பயந்து எழுதியிருக்கீங்க."

இவர் கையை நீட்டினார். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எந்த நிறம் எவ்வளவு பிடிக்கிறது என்று கையால் பார்த்தால்தான் இவருக்கு நம்பிக்கை வரும். பரீட்சைக்கு அவருக்குக் கிடைத்தது என் மெஷின். ஊசியைப் பிடிக்கிற திருகு தைக்கத் தைக்கத் தளர்கிறது என்று நான் எப்போதோ புலம்பியிருந்தேன். அன்றைக்கு நான் பொத்தான் வாங்கத் திருமயம் போயிருந்தேன். எண்ணெய்த் துணியை என் மெஷின் பக்கம் கொண்டுவந்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று எப்போதோ சொல்லிவைத்திருக்கிறேன், வாடிக்கைக்காரர் துணியில் கறை பட்டால் யார் பதில் சொல்வது? அதனால் நல்ல பிள்ளையாக என் வெட்டுத்துணி மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் திருகைத் துடைத்து, சிவப்பில் ஒரு துளி விட்டுப் பூட்டிவைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் கல்யாண ரவிக்கை தைக்கும்போது ஊசி ஒடிந்தது. திருகைத் திருப்பினால் அசையவில்லை. குறடு போட்டேன், அசையவில்லை. வந்ததே எனக்கு ஆத்திரம்!

"என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க என் மெஷினை? முகூர்த்தம் நாளைக்கு! அந்தப் பொண்ணு ரவிக்கை இல்லாமயா மணவறையில உக்காரும்?"

ஓடி வந்தார். திருப்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "புடிச்சிருச்சு பொற்கொடி! ரெண்டே நாள்ல என்னமாப் புடிச்சிருக்கு பாரு!" நான் அடிக்காத குறை. ஈயப் பற்று வைக்கிற சால்டரிங் அயர்னைத் திருகின் தலையில் வைத்துச் சூடு காட்டியதும் மெதுவாகக் கழன்றது. ஊசி மாற்றித் தைத்து முடித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று பிறகு நினைத்துக்கொண்டேன், கோபம் போய்விட்டது.

அப்புறம் தாளைத் திருத்தி எழுதினார். சிவப்பு நாலே இடத்துக்கு. மற்றதெல்லாம் நீலம். பச்சை ஒரே ஒரு பேரிங்குக்கு. பிளாஸ்டிக்குக்கு ஒன்றுமில்லை. சந்திரசேகர் சார் அதைப் படித்துவிட்டு, "நானா இருந்தாலும் இதேதான்," என்றார்.

பூட்ட ஆரம்பித்தார். கொல்லைத் தாழ்வாரத்தில் பாய் விரித்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் முதல் போல்ட்டை எடுத்தார். இவர் கையில் எடுக்கிற எந்தச் சாமானையும் முதலில் துடைப்பார். அது பழக்கம். வேலையென்றால் இடுப்பில் எப்போதும் ஒரு துணி செருகியிருக்கும். பள்ளிக்கூடப் பாவாடை தைத்ததில் மிஞ்சியதை நான் எந்தக் காலத்திலோ கொடுத்தது. அது பச்சை என்று நான் சொன்னால்தான் தெரியும். எத்தனை புதுத் துண்டு கொடுத்தாலும் அதை விடமாட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்த ஸ்பேனர் பையைத் திறந்து முதலில் எடுத்ததே அந்தத் துணியைத்தான். போல்ட்டைத் துடைப்பார், ஒரு துளி விடுவார், பூட்டுவார். பூட்டிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் சந்திரசேகர் சார் கொடுத்த வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு. போல்ட் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஒன்பது நாள் வேலை.

பங்குனி மாசம், கண்மாயில் தண்ணீர் வற்றித் தரை வெடித்துக் கிடந்தது. காலை ஏழு மணிக்கு அங்கேதான் பறக்கவிடுவது என்று ஏற்பாடு. நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். சந்திரசேகர் சார் எங்களை முப்பது அடி தள்ளி நிற்கச் சொன்னார். றெக்கை சுற்ற ஆரம்பித்ததும் தரையில் புழுதி வட்டமாகக் கிளம்பியது. ஹெலிகாப்டர் எழும்பி ஆள் உயரத்தில் அப்படியே நின்றது. இவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

மூன்று நிமிஷம் இருக்கும். சத்தம் மாறியது. எனக்கே தெரிந்தது. சந்திரசேகர் சார் மெதுவாகத் தரையில் இறக்கி, றெக்கை நிற்கும்வரை காத்திருந்து, குனிந்து பார்த்தார்.

கோடுகள் உடைந்திருந்தன. ஒன்று இரண்டு இல்லை, ஏழு. அதில் ஒன்று றெக்கையைப் பிடிக்கிற போல்ட்.

"இன்னும் ஒரு நிமிஷம் பறந்திருந்தா றெக்கை தனியா வந்திருக்கும்," என்றார் சார். அவர் முகம் வெளுத்திருந்தது.

இவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் சொன்னேனே. என் கையி வேணாம்னு சொன்னேனே," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இந்தப் பொம்மையை வீட்டுக்குள் விட்டதே நான்தானே.

சந்திரசேகர் சார் சிவப்பு விட்ட ஒரு போல்ட்டைக் கழற்றி மரையை விரலால் தடவினார். பிசுபிசுவென்று ஈரம். பூட்டிப் பல நாளாகியும் இறுகவே இல்லை. "ஒங்க தப்பு இல்ல சேவுகன். பாட்டில் பழசாப் போச்சு போல. மருந்து செத்துப்போச்சு," என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் தீர்ந்தது. இவரும் நம்பியிருப்பார். ஆனால் நான் என்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்?

"அதெப்பிடி சார் செத்துப்போகும்? அதே சிவப்புப் பாட்டில்தானே என் மெஷினைப் பிடிச்சுது, சால்டரிங் அயர்ன் வச்சுல்ல கழட்டுனோம்? அங்க பிடிச்சது இங்க ஏன் பிடிக்கல?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெஷின்ல எப்பிடிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார் சார்.

"தொடச்சேன், ஒரு துளி விட்டேன், பூட்டுனேன். இதே மாதிரிதான்."

"எதால தொடச்சீங்க?"

இவர் கை தானாக இடுப்புக்குப் போனது. பச்சைத் துணியை உருவி எடுத்தார். மெஷினைத் துடைத்தது இதால் இல்லை. சார் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் என்னிடம் கொடுத்தார். மோட்டார் எண்ணெய், கிரீஸ், இருபது வருஷத்து வாடை.

"எண்ணெ பட்ட மரையில இது இறுகாது சேவுகன். சுத்தமா எண்ணெய எடுத்துட்டுத்தான் விடணும். நான்தான் சொல்ல மறந்துட்டேன். எங்க ஆளுக யாரும் எண்ணெத் துணியால தொடைக்க மாட்டாங்க, அதனால எனக்குத் தோணவே இல்ல."

காரணம் கிடைத்துவிட்டதே என்று நான் சிரிக்கப் போனேன். இவர் சிரிக்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறிக்கொண்டே போனது. எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது, பாவி, இதை ஏன் கேட்டோம் என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அன்னைக்கு காலையில செயினுக்கு எண்ணெ விட்டேன் பொற்கொடி. விட்டுட்டு இதாலதான் தொடச்சேன். அப்பறம் குழாயில பாசியா இருந்துச்சு. கிளாம்ப் நல்லா உக்காரணும்னு," நிறுத்தினார். "குழாயையும் இதாலதான் தொடச்சேன்."

தேய்ந்த பல்லோடு எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. பல் புதுசாக இருந்தவரை எண்ணெயை மீறிக் கடித்துப் பிடித்திருக்கிறது. ஒன்றரை வருஷமாக இவர் தேடிய பதில் அந்த ஸ்பேனர் பைக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. அது வேண்டாத பதில். ஆனால் பதில்.

இவர் வீட்டுக்கு வரவில்லை. கண்மாயிலிருந்து நேராக சிவசாமி அண்ணன் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "இப்ப என்ன அவசரம்? நாளைக்குச் சொல்லலாம்," என்றேன். திரும்பியே பார்க்கவில்லை.

சிவசாமி அண்ணன் ஆடுகளுக்கு இடது கையால் அகத்திக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷம் கழித்து இவரை வாசலில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "அடேய், வாடா! மருதாயி, யார் வந்திருக்கான்னு பாரு!" என்று சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். செயின், எண்ணெய், துணி, குழாய். ஒன்றையும் மறைக்கவில்லை. துணியை அவர் முன்னால் வைத்தார்.

சிவசாமி அண்ணன் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஒன்னரை வருஷமா அந்தக் கிளாம்ப் பல்லைத் திட்டிக்கிட்டு இருக்கேன்டா நான்," என்றார். குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சட்டையைக்கூட மருதாயிதான் மாட்டிவிடுறா. நீ என்னடான்னா என்னைக் கண்டா கொல்லப்பக்கம் ஓடுன. இப்ப வந்து துணியக் காட்டுற."

"சிவசாமி..."

"போயிரு. எதுவும் பேசாத. போயிரு."

மருதாயி தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். நாங்கள் திரும்பி வந்தோம். துணி அங்கேயே கிடந்தது.

இனி நாற்காலி மறுபடி கொல்லைப்பக்கம் திரும்பிவிடும் என்றுதான் நினைத்தேன். திரும்பவில்லை. மறுநாள் மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி வந்தார். ஹெலிகாப்டரை முழுக்கப் பிரித்தார். ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பிரிட்டில் கழுவி, என் வெள்ளை வெட்டுத்துணியில் உலர்த்தி, ஒரு துளி விட்டுப் பூட்டி, முழுசாக ஒரு நாள் தொடாமல் வைத்தார். அடுத்த தடவை கண்மாயில் எட்டு நிமிஷம் பறந்தது. ஒரு கோடுகூட உடையவில்லை. சந்திரசேகர் சார் குழந்தை மாதிரி கைதட்டினார். இவர் எல்லாக் கோட்டையும் பார்த்து முடித்துவிட்டு, "இது பிடிச்சிருச்சு," என்று மட்டும் சொன்னார். அவர் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சித்திரை வெயிலில் சார் வீட்டு மோட்டார் எரிந்துபோனது. முந்நூறு அடியிலிருந்து தூக்க வேண்டும். "புதுக்கோட்டையிலருந்து ஆள் கூப்பிடட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அப்புறம், "வேணாம் சார். நான் வாரேன்," என்றார். புதுசாக ஒரு கிளாம்ப் வாங்கினார். கிளாம்புக் கையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டுமே என்றேன். இரண்டு பேரைக் கேட்டார், இரண்டு பேரும் அன்றைக்கு வேறு சோலி இருக்கிறது என்றார்கள். பயம்தான், வேறென்ன. அந்த வாரம் ரேஷன் கடை வரிசையில் மருதாயியைப் பார்த்தேன். வியாழக்கிழமை காலை, சந்திரசேகர் சார் வீடு என்று மட்டும் அவள் காதில் போட்டுவிட்டு, சீனி வாங்காமலேயே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை யாரும் வரவில்லை.

"நான் பிடிக்கிறேன்," என்றேன்.

"ஒனக்குக் கிறுக்கா?"

"ஊசி பிடிக்கிற கைதானே, இரும்பையும் பிடிக்கும். நீங்க பூட்டுங்க."

மூன்றுகால் ஸ்டாண்டில் செயின் மாட்டி முதல் குழாயைத் தூக்கினார். மேலே வந்த குழாயை வெள்ளைத் துணியால் துடைத்தார். ஒரு தடவை துடைத்து, துணியை மாற்றி இன்னொரு தடவை. கிளாம்பைப் பூட்டினார். நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி செயினைத் தளர்த்த வேண்டும், மொத்தப் பாரமும் கிளாம்புக்கு வரும். இவர் செயினைப் பிடித்தபடி நின்றார். தளர்த்தவில்லை. பொய் ஏன் சொல்ல வேண்டும், எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"தங்கச்சி, இங்கிட்டு தள்ளு."

பின்னால் சிவசாமி அண்ணன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். இவரை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் குழாய்க்குப் போனார். கிளாம்புக்கு மேலே இடது கை விரலை வைத்து அழுத்தித் தடவினார். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார். கிளாம்புக்குக் கீழேயும் தடவி முகர்ந்தார். விரலை வேட்டியில் துடைத்து, வேட்டியைப் பார்த்தார். கறை இல்லை.

பிறகு என்னை நகர்த்திவிட்டு நான் நின்ற இடத்தில் நின்றார். இருபத்திரண்டு வருஷம் அவர் நின்ற இடம், தோள் போன அன்றைக்கும் நின்ற இடம். இடது கையால் கிளாம்பைப் பிடித்தார்.

"எறக்குடா," என்றார்.

இவர் செயினைத் தளர்த்தினார். இரும்பு ஒரு தடவை முனகியது. முந்நூறு அடிக் குழாயும் மோட்டாரும் மொத்தமாக வந்து கிளாம்பில் உட்கார்ந்தன. நின்றது. குழாய் ஒரு நூலிழைகூட இறங்கவில்லை.

இவர் செயினைப் பிடித்துக்கொண்டே விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். சந்திரசேகர் சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சிவசாமி அண்ணன் மட்டும் கிளாம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அழுகையெல்லாம் அப்பறம் வச்சுக்க. இன்னும் பதினாலு குழாய் கெடக்கு. மேல் குழாயக் கழட்டு," என்றார்.